பதினேழு புள்ளித் தலைவர்

கனடாவுக்கு வந்த எங்கள் ஆட்களுக்குக் குளிர் பழகுவதற்கு முன்பே சங்கம் ஒன்று அமைந்துவிடும். ஊர்ச் சங்கம், பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கம், அதில் கோபித்துக்கொண்டு போனவர்களின் சங்கம், அந்தக் கோபித்தவர்களுக்குள்ளேயே கோபித்தவர்களின் சங்கம் என்று ஸ்காபரோவில் விளக்குக் கம்பத்துக்கு ஒன்றாக இருக்கின்றன. ஆனால் ஆங்கிலம் படிக்கப் போன வகுப்பிலும் சங்கம் அமைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் ஏரம்பமூர்த்தி அண்ணை. அந்தச் சங்கத்துக்கு ஆறு வருடம் செயலாளராக இருந்த பாவி நான்.

அண்ணையின் பூர்வீகம் தெரியாமல் இந்தக் கதை விளங்காது. ஊரில் சனசமூக நிலையத் தலைவர் பதவிக்கு நான்கு முறை நின்றார். மூன்று முறை தோற்றார். நான்காம் முறை எதிர்த்து நிற்க ஆளில்லை. அப்படியாவது வந்துவிடுவார் என்று பார்த்தால், கூடியிருந்தவர்கள் ஒரு மணிநேரம் யோசித்துவிட்டுத் தலைவர் பதவியையே ஒழித்துவிட்டார்கள். பிறகு சண்டை, இடப்பெயர்வு, கொழும்பு, கனடா. ரொறன்ரோவில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் மறுபடியும் நின்றார். அவரைத் தோற்கடிப்பதற்காக, மண்டபத்தில் கதிரை அடுக்க வந்த ஒருவரைப் பிடித்து நிறுத்தி வெல்ல வைத்தார்கள். வென்ற மனிதர் எங்கள் ஊர்க்காரரே இல்லை.

பிழைப்புக்கு அண்ணை ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தார். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு தொடங்கும் வேலை. குப்பைக் கூடைகளுக்குத் தலைமை உரை ஆற்ற முடியாது. மனைவி இந்துமதி அக்கா பிஸ்கட் தொழிற்சாலையில் நின்றபடி பெட்டி அடுக்கினார். வீட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தாலும், தொலைபேசி அடித்தாலும் மகள் சாம்பவியைத்தான் கூப்பிடுவார்கள். பதின்மூன்று வயதில் வந்த பிள்ளை ஆறே மாதத்தில் ஆங்கிலத்தைப் பிடித்துவிட்டாள். அன்றிலிருந்து வங்கி, பல்வைத்தியர், வீட்டுக்காரர், வருமானவரி என்று எல்லா இடத்துக்கும் அப்பாவின் வாயாக அவள்தான் போனாள். பள்ளிக்கூடப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தகப்பனுக்கு முன்னால் நடந்து போகும் அந்தச் சின்ன உருவத்தை எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நானும் அண்ணையும் ஒரே நாளில்தான் மூன்றாம் படி ஆங்கில வகுப்பில் சேர்ந்தோம். மார்க்கம் வீதியில் ஒரு பிளாஸாவின் மாடி. கீழே கோழிப் பொரியல் கடை இருந்ததால் பதினொரு மணிக்குப் பிறகு யாருக்கும் இலக்கணம் ஏறாது. நாங்கள் பதினான்கு பேர். சீனாவிலிருந்து வந்த லின் ஹுவா, எரித்திரியாக்காரன் தெக்லே, ஆப்கானிஸ்தான் நஜீபா, இன்னும் சிலர். ஆசிரியை மிஸிஸ் மார்ஷ் அறுபதை எட்டிக்கொண்டிருந்தார். தன் பகிடிக்குத் தானே முதலில் சிரிப்பார். நாங்கள் விளங்கிச் சிரிப்பதற்குள் அவர் அடுத்த பகிடிக்குப் போய்விடுவார்.

சேர்ந்த மூன்றாம் வாரம் இடைவேளையில் அண்ணை எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், வகுப்புக்கு ஒரு நலன்புரிச் சங்கம் தேவை என்றும் தலைவரை முன்மொழிபவர்கள் கை தூக்கலாம் என்றும் அறிவித்தார். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டு லின் ஹுவா கை தூக்கினார். அண்ணை அதை முன்மொழிவாக எழுதிக்கொண்டார். வழிமொழிந்தது நான். வாழ்நாளில் முதல் தடவையாக ஏரம்பமூர்த்தி அண்ணை ஒரு தேர்தலில் வென்றார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பார்கள். அந்தச் சர்க்கரை அண்ணைக்கு எப்படி இனித்தது என்பதை அன்றைக்கு அவர் முகத்தில் கண்டேன்.

பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பதினொரு பக்கத்தில் யாப்பு. மாதாந்தக் கூட்டம். சென்ற கூட்ட அறிக்கை வாசித்தல், அதில் திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம். நஜீபாவின் மாமா காலமானபோது அனுதாபத் தீர்மானம். அறிக்கை எல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், ஏனென்றால் தெக்லேக்குத் தமிழ் தெரியாது. செயலாளர் நானென்றாலும் எனக்கு எழுத வராது. அண்ணைதான் இரவிரவாக அகராதியைப் புரட்டி எழுதிவந்து என்னிடம் கையெழுத்து வாங்குவார். இரண்டாம் ஆண்டு எங்கள் வழக்கப்படி சங்கம் பிளந்தது. இந்த முறை பிளந்தவன் எரித்திரியாக்காரன். அவன் எழுந்து தன் ஆங்கிலத்தில் பேசியதை எங்கள் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“தலைவர் தனக்குப் பிடிச்ச ஆக்களைத்தான் சாப்பாட்டுக் கமிட்டியில போடுறார். நாங்கள் அசல் மூண்டாம் படிச் சங்கம் தொடங்கப் போறம்.”

அண்ணைக்கு ஆத்திரத்தை விடப் பெருமைதான் கூட. “பாத்தீரே ஐசே,” என்று என் காதுக்குள் சொன்னார். “சரியா எங்கட ஆக்களைப் போலவே கதைக்கிறான். நல்லா வருவான்.” டிசம்பரில் நத்தார் விருந்தில் லின் ஹுவாவின் சோற்றுப் பொரியலுக்கு முன்னால் இரண்டு சங்கமும் மறுபடி ஒன்றாயின.

இதற்குள் ஒரு சிக்கல் இருந்தது. வகுப்புகள் படிப்படியாக ஏறும். நாங்கள் இருந்தது மூன்றாம் படி. நாலாம் படி தேறினால் கிடைக்கும் சான்றிதழைக் காட்டிக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமை கிடைத்தவனுக்கு அந்த இலவச வகுப்பில் இடமில்லை. அதாவது படித்தால் வெளியே. நாற்பது கேள்விச் சோதனையில் இருபத்துநான்கு எடுத்தால் மேலே ஏற்றுவார்கள். பதினாறுக்குக் கீழே போனால் இரண்டாம் படிக்கு இறக்குவார்கள். ஏரம்பமூர்த்தி அண்ணை ஒவ்வொரு முறையும் பதினேழு எடுத்தார். ஒரு தடவை கூடப் பதினெட்டு எடுத்தது கிடையாது.

பக்கத்துக் கதிரையில் இருந்த எனக்கு விசயம் இரண்டாம் ஆண்டே பிடிபட்டது. மனிதர் பென்சிலால் சரியான விடையை எழுதுவார். அதை ஒரு கணம் பாசத்தோடு பார்ப்பார். பிறகு அழித்துவிட்டுப் பிழையை எழுதுவார். நான் அப்படியில்லை. நான் நேர்மையாகத் தோற்றவன்.

“அண்ணை, சரியா எழுதிப்போட்டு ஏன் அழிக்கிறியள்?”

“மெதுவாக் கதையும். நாலாம் படி பாஸ் பண்ணினா சிற்றிசன். சிற்றிசன் ஆனா இங்க இருக்கேலாது. வெளியில போனா நான் ஆர் ஐசே? ஒரு வாளியும் துடைக்கிற தடியும்.”

“வீட்டில தெரியுமே?”

“விசரே உமக்கு? இந்துமதிக்குத் தெரிஞ்சா அடுத்த நாளே விண்ணப்பப் பாரம் நிரப்ப இருத்திப்போடுவா.”

“சாம்பவிக்கும் சொல்லேல்லையோ? அந்தப் பிள்ளை உங்களோட எல்லா இடமும் இழுபடுதெல்லோ.”

“அவளுக்குச் சொன்னா தாய்க்குப் போயிடும். அதோட அவளுக்கு இது பழகிப்போச்சு. சின்னப் பிள்ளை, அரை மணித்தியாலத்தில கதைச்சுக் குடுத்துப்போட்டு ஓடிடுவாள்.”

நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவருக்குச் சோறு போட்டுக் கொடுத்தவன் நான். அந்தக் குற்றத்தை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அண்ணை ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஒற்றுமையே பலம், ஆகவே அங்கத்தவர் எவரும் தனியே மேலே போவதில்லை. ஏகமனதாக நிறைவேறியது. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. லின் ஹுவா தேறினால் மருமகள் அவரைத் தன் கடையில் நிறுத்திவிடுவாள். நஜீபாவுக்கு வீட்டுக்கு வெளியே கால் வைக்க வேறு சாட்டுக் கிடையாது. தெக்லேக்கு இரவில் லாரியில் சாமான் ஏற்றும் வேலை. அவன் பகலில் மனிதரோடு சிரிப்பது இங்கே மட்டும்தான். உண்மையைச் சொன்னால் அந்த நாட்டில் எங்களுக்கென்று சிரித்த முகத்தோடு கதவு திறந்த ஒரே ஆள் மிஸிஸ் மார்ஷ்தான். அவரை விட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. அதனால் பதினான்கு பேரும் வருடக் கணக்கில் ஒழுங்காகத் தோற்றோம். எங்கள் ஆட்கள் கலந்த ஒரு சங்கம் எடுத்த தீர்மானத்தை இவ்வளவு கட்டுப்பாடாக நிறைவேற்றியது அதுதான் முதலும் கடைசியும்.

பலன் யாரைச் சுட்டது? மிஸிஸ் மார்ஷை. ஆறாம் ஆண்டுப் பனிக்காலத்தில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று வருடமாக அந்த வகுப்பிலிருந்து ஒருவர்கூட மேலே ஏறவில்லை. ஆசிரியை கற்பிக்கவில்லை என்பதே அதன் பொருள். மாணவர்களை விசாரித்துவிட்டு வகுப்பை மூடுவதாகவும், மிஸிஸ் மார்ஷை வேலையிலிருந்து நிறுத்துவதாகவும் உத்தேசம். விசாரணைக்கு வருபவர்கள் மொழிபெயர்க்க ஆள் கூட்டி வரலாம்.

அன்றைக்கே அவசரப் பொதுக்கூட்டம் கூடியது. நஜீபா அழுதார். உண்மையைச் சொல்வோம் என்றான் தெக்லே. அண்ணை தலையைச் சொறிந்தார்.

“உண்மையைச் சொன்னா எல்லாரையும் மேல ஏத்திப்போடுவாங்கள். சங்கம் முடிஞ்சுது. மிஸ் நல்லாத்தான் படிப்பிச்சவ, எங்கட மண்டையிலதான் ஏறேல்ல எண்டு சொல்லுவம். நான் மகளைக் கூட்டிக்கொண்டு வாறன். அவள் சொன்னா கல்லும் கரையும்.”

விசாரணை நாளன்று சாம்பவி வந்தாள். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். வாசலிலேயே தகப்பனோடு மெல்லிய குரலில் வாதாடிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, எனக்குப் பத்தரைக்கு லாப் சோதினை. போன கிழமையே சொன்னனானெல்லோ.”

“அரை மணித்தியாலம் பிள்ளை. நீ இல்லாட்டி அப்பா என்னெண்டு கதைக்கிறது?”

அவள் கைத்தொலைபேசியைப் பார்த்தாள். உள்ளே வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேலிடத்திலிருந்து வந்த அம்மையாரின் பெயர் மிஸிஸ் பெல்லமி. முன்னால் ஒரு கோப்பு. முகத்தில் முடிவு ஏற்கெனவே எழுதியிருந்தது. மிஸிஸ் மார்ஷ் ஒரு மூலையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பிழை செய்த பிள்ளை மாதிரி இருந்தார். முதலில் தலைவரை அழைத்தார்கள்.

“அப்பா, உங்கட மிஸ் ஆறு வருசமா உங்களுக்கு என்ன படிப்பிச்சவ எண்டு இவ கேக்கிறா.”

“மிஸ் தங்கமான மனிசி, எங்களுக்குத்தான் வயது போட்டுது, ஏறுதில்லை எண்டு சொல்லு.”

சாம்பவி சொன்னாள். தகப்பன் ஒரு வரி சொன்னால் அவள் நான்கு வரி சொல்வாள், அத்தனையும் அழகாக இருக்கும். மிஸிஸ் பெல்லமி தலையாட்டிக்கொண்டே கோப்பை மூடினார். படிக்கவே முடியாதவர்களுக்குப் பணம் செலவழிப்பதில் அர்த்தமில்லை, வகுப்பு இந்த மாதத்தோடு முடிகிறது என்றார். சாம்பவி அதையும் தமிழில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மூலையிலிருந்து மிஸிஸ் மார்ஷ் எழுந்தார்.

அவர் சொன்னது என் மூன்றாம் படி ஆங்கிலத்துக்கே விளங்கியது. பிழை தன்னுடையதுதானாம். முப்பது வருடம் படிப்பித்தும் தனக்குப் படிப்பிக்கத் தெரியவில்லை என்று இப்போதுதான் தெரிகிறதாம். இவர்கள் நல்லவர்கள், இவர்களைக் குறை சொல்லிக் கோப்பில் எதுவும் எழுத வேண்டாமாம். சொல்லும்போதே குரல் உடைந்தது. அந்த மனுசி தன் பகிடிக்குச் சிரித்துப் பார்த்திருக்கிறேன், அழுது பார்த்ததில்லை.

அண்ணை மகளைப் பார்த்தார். மிஸிஸ் மார்ஷைப் பார்த்தார். கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

“மதிப்புக்குரிய தலைவர் அவர்களே,” என்று ஆங்கிலத்தில் தொடங்கினார்.

அதற்குப் பிறகு பத்து நிமிடம் அந்த மனிதர் பேசினார். தடக்கவில்லை. அகராதியில் இரவிரவாகப் பொறுக்கிய சொற்கள் எல்லாம் வரிசையாக வந்தன. நாங்கள் வேண்டுமென்றே தோற்றோம் என்றார். சங்கத் தீர்மானத்தின் இலக்கமும் திகதியும் சொன்னார். ஆறு வருடக் கூட்ட அறிக்கைகளை மேசையில் வைத்து, இதைப் படிப்பித்தவர் அந்த மூலையில் நிற்கிறார் என்றார். மிஸிஸ் பெல்லமி நம்பாமல் சோதனைத் தாளை எடுத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினார். அண்ணை நாற்பதுக்கும் விடை சொன்னார். ஒவ்வொரு தடவையும் பிழை விட வேண்டுமென்றால் சரி எதுவென்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஐந்தாவது கேள்வியிலேயே மிஸிஸ் பெல்லமியின் வாய் திறந்துவிட்டது. தெக்லே மேசையில் தட்டினான். லின் ஹுவா, நஜீபா, எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். மிஸிஸ் மார்ஷ் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்து, கண்ணீரோடு திட்டினார். தோற்று வாழ்ந்த ஒரு மனிதருக்கு அது வெற்றி விழா.

கை தட்டாதவள் சாம்பவி ஒருத்திதான். அவள் இருந்த இடத்தில் இருந்தாள். கை தட்டல் ஓய்ந்த பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“எப்ப இருந்து அப்பா?”

“அது பிள்ளை... ஒரு நாலு, அஞ்சு வருசம்.”

“பல்லுப் பிடுங்கப் போகேக்க?”

“ம்.”

“நான் பத்தாம் வகுப்புப் படிக்கேக்க, பேற்றன்ஸ் மீற்றிங்குக்கு வந்தனீங்களெல்லோ. மிஸ் ஏதோ சொன்னவ. நான் நல்லாப் படிக்கிறன் எண்டு சொல்லுறா எண்டு உங்களுக்குச் சொன்னனான். அவ அப்பிடிச் சொல்லேல்ல. ஏன் இந்தப் பிள்ளை இவ்வளவு நாள் பள்ளிக்கூடம் வரேல்ல எண்டு கேட்டவ. உங்களோட ஆஸ்பத்திரிக்கும் பாங்குக்கும் அலைஞ்சதாலதான் வரேல்ல எண்டு தெரிஞ்சா உங்களுக்கு மனம் நோகும் எண்டு நான் மாத்திச் சொன்னனான்.” அவள் கைத்தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். “அதுவும் அண்டைக்கு உங்களுக்கு விளங்கினதோ?”

இத்தனை முறை தேர்தலில் நின்றவர், பத்து நிமிடம் முழங்கியவர், அந்தக் கேள்விக்கு நிலத்தைப் பார்த்தார்.

“ஓம் பிள்ளை.”

அவள் பையை எடுத்துத் தோளில் போட்டாள். மிஸிஸ் மார்ஷிடம் ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள். சுவர் மணிக்கூட்டில் பதினொன்று ஆகியிருந்தது. படி இறங்கிப் போய்விட்டாள்.

வகுப்பு மூடப்படவில்லை. மிஸிஸ் மார்ஷ் இன்னும் அங்கேதான் படிப்பிக்கிறார். புதிதாக வந்தவர்கள் ஒழுங்காகத் தேறிப் போகிறார்களாம். பழைய பதின்மூன்று பேரை வேறொரு கட்டடத்தில் நாலாம் படிக்கு அனுப்பினார்கள். சங்கம் தானாகவே கலைந்தது. நான் மட்டும் மூன்றாம் படியில் மிச்சம். சொன்னேனே, நேர்மையாகத் தோற்றவன். ஏரம்பமூர்த்தி அண்ணை நாலாம் படியையும் ஒரே மூச்சில் முடித்துச் சான்றிதழ் வாங்கினார் என்று கேள்விப்பட்டேன்.

சித்திரை மாதம் ஒரு காலையில் அவரை பஸ் தரிப்பிடத்தில் கண்டேன். கையில் இந்துமதி அக்காவின் ஆஸ்பத்திரிக் கடிதம் இருந்தது. இப்போதெல்லாம் வீட்டின் எல்லாக் கடிதமும் அவர் வேலைதானாம். ஆள் மெலிந்திருந்தார்.

“பிள்ளை எப்பிடி அண்ணை? கதைக்கிறாவோ?”

“கதைக்கிறாள். ஒவ்வொரு நாளும் கதைக்கிறாள். மரியாதையாத்தான் கதைக்கிறாள்.” கடிதத்தை நாலாக மடித்தார். “இங்கிலீஷில மட்டும்.”

“தாயோட?”

“தாயோட வடிவாத் தமிழ் கதைக்கிறாள். நான் அறைக்குள்ள வந்தா மாத்திப்போடுவாள். நான் தமிழில கேட்டாலும் மறுமொழி இங்கிலீஷ். அப்பா எண்டும் கூப்பிடுறதில்லை ஐசே. டாட்.”

செயலாளர் புத்தி செயலாளர் புத்திதானே. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அண்ணை, ஒண்டும் விளங்காத மாதிரி இருங்கோவன். ரெண்டு கிழமை பேசாமல் முழிச்சுக்கொண்டு இருந்தா, பாவம் பாத்துத் தமிழுக்கு வந்திடுவா.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபிக்கவில்லை.

“செய்து பாத்தனான்,” என்றார். “ஏலாமக் கிடக்கு. அவள் சொல்லுறது ஒவ்வொண்டும் எனக்கு விளங்குது.”